நான் மாற்றி வாசித்த கதாநாயகன்

தொண்ணூறுகளின் தொடக்கம். மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதியில், வாவிப் பக்கமாக இருந்த ஒரு கைத்தறிக் கொட்டிலில் இடுப்பில் கட்டும் சாரம் நெய்துகொண்டிருந்தேன். ஐந்து தறிகள், ஐந்து பேர். ஐந்து பேருக்கும் சினிமாப் பைத்தியம். எனக்குக் கொஞ்சம் முற்றிய பைத்தியம்.

போர்க்காலம், கரண்ட் கிடையாது. தியேட்டருக்குப் போவதென்றால் வழியில் எத்தனை சோதனைச் சாவடி என்று யோசித்தாலே ஆசை அடங்கிவிடும். படம் பார்க்காமலே ரசிகர்களாக இருந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு வாய்த்ததெல்லாம் இந்தியாவிலிருந்து கொழும்பு வழியாக நாலைந்து மாதம் பிந்தி வரும் சினிமாப் புத்தகம்தான். யார் எந்தப் படத்தில் நடிக்கப் போகிறார், யாரைத் தூக்கிவிட்டு யாரைப் போட்டார்கள் என்பதெல்லாம் எங்களுக்கு வீட்டுச் செய்தி மாதிரி.

அதைக் கொண்டுவருபவன் பக்கத்து ஊரான காத்தான்குடி நண்பன் ஒருவன். நூல் வியாபாரி. சைக்கிளில் நூல் கட்டோடு புத்தகமும் வரும். வழியில் பிரித்துப் பார்க்கமாட்டான். எல்லாரும் சேர்ந்து கேட்டால்தான் ருசி என்பான். தறி ஓடினால் காதில் ஒன்றும் விழாது. ஆகவே புதுப் பாவு பிணைக்கும் நாளுக்காகக் காத்திருப்போம். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலின் நுனியோடு புதியதை இழை இழையாக முடிய வேண்டும். கைக்குத்தான் வேலை, கொட்டில் அமைதியாக இருக்கும். நான் வாசிப்பேன், மற்றவர்கள் இழைகளை முடிந்தபடி கேட்பார்கள். நண்பனும் ஓரமாகக் குந்திக்கொண்டு எனக்குப் பதிலாக முடிச்சுப் போடுவான்.

அவனுக்கு ஒரு நடிகர், எனக்கு இன்னொருவர். இந்த விஷயத்தில் எங்களுக்குள் சமாதானமே கிடையாது. ஒருநாள் வாசித்துக்கொண்டு போகையில், பெரிய இயக்குநர் ஒருவரின் அடுத்த படத்துக்கு நாயகன் இவராம் என்று ஒரு செய்தி. பார்த்தால் அவனுடைய ஆள்! எனக்கு வயிறு எரிந்தது. சட்டென்று பெயரை மாற்றி, என் நாயகனின் பெயரை வாசித்துவிட்டேன். கொட்டிலே கைதட்டியது. அவன் முகம் வாடிப்போனது.

“அந்த டைரக்டர்ட படத்துல நடிக்கோணும் எண்டு எங்கட ஆள் எவ்வளவு நாளாச் சொல்லிக்கிட்டு இருந்தாரு, மச்சான்” என்று மெல்லச் சொன்னான்.

அப்போதும் நான் சிரித்தேன். அடுத்த முறை வரும்போது உண்மையைச் சொல்லி இன்னும் கொஞ்சம் சீண்டலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் வரவில்லை. அந்தக் கிழமைக்குள்ளேயே நிலைமை கெட்டது. ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஊர்கள்; எங்களுடையது தமிழ் ஊர், அவனுடையது முஸ்லிம் ஊர். அங்கிருந்து யாரும் இங்கே வருவதில்லை, இங்கிருந்து யாரும் அங்கே போவதில்லை என்று ஆனது. இரண்டு பக்கமும் சாவு வீடுகள். அந்த ஊர்க்காரர் இப்படிச் செய்தார்களாம், நாளைக்கு இன்னும் செய்யப் போகிறார்களாம் என்று கதைக்கு மேல் கதை. நூல் இல்லாமல் தறிகள் நின்றன. சும்மா குந்தியிருந்து அந்தக் கதைகளைக் கேட்கையில் அவனுடைய வாடிய முகம்தான் எனக்கு வந்துவந்து போகும். உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. கடைசியாக அவனுக்குக் கொடுத்தனுப்பியது ஒரு பொய் என்பது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

பல மாதங்களுக்குப் பிறகு, நூல் தேடி மட்டக்களப்பு டவுனுக்குப் போனேன். ஒரு நூல் கடைக்குள் அவன் நின்றான். நன்றாக மெலிந்திருந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாலும் அவனைக் குறை சொல்ல முடியாது. அவனும் கொஞ்சம் தயங்கித்தான் நின்றான். பிறகு, “மச்சான், சுகமா இரிக்கியா?” என்றான்.

பெயரை மாற்றி வாசித்ததை அப்படியே கொட்டிவிட்டேன். கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

“அது அண்டைக்கே தெரியும். நீ தண்ணி குடிக்கப் போகக்குள்ள எடுத்துப் பாத்தன்.”

“பாத்தும் ஏன் மச்சான் சொல்லல்ல?”

“எல்லாருக்கும் முன்னால உன்ன வெக்கப்படுத்தவா? மறுகா தனியப் புடிச்சு ஏசலாம் எண்டு விட்டன்.”

அந்தப் படமே நின்றுபோனதாகப் புதுப் புத்தகத்தில் வந்திருக்கிறதாம். அவனுடைய ஆளும் இல்லை, என்னுடைய ஆளும் இல்லை. அதையும் சொல்லிச் சிரித்துவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான்.

“எங்கட ஊருல ஒங்கட ஊரப் பத்தி எவ்வளவு கதை வந்திச்சு தெரியுமா? நான் சொன்னன், அங்க ஒருத்தன எனக்கு நல்லாத் தெரியும், அவன் சினிமாச் செய்தியில மட்டும்தான் பொய் சொல்லுவான் எண்டு.”

கடை என்றும் பாராமல் அழுதுவிட்டேன். ஏன் அழுகிறேன் என்று அவனுக்குச் சரியாக விளங்கியிருக்காது. நான் பொய்யன் என்று தெரிந்தும் அவன் எனக்காகப் பேசியிருக்கிறான். அவனிடம் ஒரு குறையும் காணாத நான், எங்கள் கொட்டிலில் அவனுடைய ஊரைப் பற்றிக் கதை வந்தபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் ஓர் ஊரையோ ஒரு சனத்தையோ பற்றி யாராவது கதை கொண்டுவந்தால், அங்கே எனக்குத் தெரிந்த நல்லவன் ஒருவன் இருக்கிறான் என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சொல்லாமல் இருந்ததற்கு அது ஈடாகாது என்பது தெரிந்தும் சொல்கிறேன்.