தம்பியை ஒடிசாவுக்கு அனுப்பியது யார்

திருப்பூர் மண்ணரையில் ஓட்டுக் கட்டடத்தில் நான்கு தையல் மிஷின் போட்டது நான். அதை நாற்பது மிஷின் ஆக்கியதும் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலையில் சேர்ந்து, அந்த டெய்லருக்கே சம்பளம் கொடுக்கிற அளவுக்கு வந்தவன். கரண்ட் பாதி நாள் வராத காலத்திலும் ஒரு ஆர்டரைக் கைவிட்டதில்லை. தங்கைக்குக் கல்யாணம் செய்தது, குன்னத்தூர்க் காட்டில் போர்வெல் போட்டது, தம்பிக்குப் பெண் பார்த்தது, ஒடிசாவில் கிளை வைத்தது, எல்லாம் நான். இதைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. பெருமையும் இருக்கிறது. ஆனால் தம்பியின் முதலாண்டு நினைவாக அச்சாகும் இந்த மலரில் என் பங்கு ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதைச் சேர்க்கத்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

தம்பி மகள் பத்தாவது படிக்கிறாள். இந்த மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதில் ஒரு வரி: "அப்பா ஒடிசா போவதற்கு அம்மன் முன்னால் பூப்பொட்டலம் எடுத்துக் கொடுத்தது என் கைதான்." அப்பா இறந்த இந்த ஓராண்டாக அவள் எதையும் தானாக எடுப்பதில்லை. துணிக்கடையில் இரண்டு சுடிதாரைக் காட்டினால் அம்மா முகத்தைப் பார்க்கிறாள். தட்டில் இரண்டு பலகாரம் வைத்து நீட்டினால் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொள்கிறாள். அந்த வரி சரியில்லை. சரியில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தம்பி, குன்னத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டில் பிறந்தார். என்னைவிட ஒன்பது வயது இளையவர். உயிரோடு இருந்தவரை வாடா போடா என்றுதான் கூப்பிட்டேன். இங்கே மரியாதை போட்டு எழுதுகிறேன். அவருக்குச் சேர வேண்டியது. அப்பா தவறியபோது அவருக்கு ஆறு வயது. நான்தான் திருப்பூருக்குக் கூட்டி வந்து பிளஸ் டூ வரை படிக்க வைத்தேன். கம்பெனியில் செக்கிங் அவர் பொறுப்பு. ஊசி விட்டுப்போன ஒரு தையல்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் யாரையும் திட்ட மாட்டார். கோணலாகத் தைத்த பனியனைத் தைத்தவர் மடியிலேயே வைத்துவிட்டு, "இதப் போட்டுட்டு நீங்க மாமியார் ஊட்டுக்குப் போவீங்ளா?" என்பார். திட்டு வாங்கியவரே சிரித்துவிடுவார்.

எங்களிடம் தைத்தவர்களில் பாதிப்பேர் ஒடிசாக்காரர்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போனால் பாதிப்பேர் திரும்புவதில்லை. ஆள் இங்கே வராவிட்டால் மிஷின் அங்கே போகட்டும் என்ற யோசனை என் மூளையில் உதித்தது. எங்களிடம் ஆறு வருடம் தைத்த ஒரு பெண்ணின் ஊரில், ஓடாமல் கிடந்த அரிசி ஆலையை வாடகைக்குப் பேசினேன். அவளையே சூப்பர்வைசர் ஆக்கினேன். கூட இருந்து நடத்தத் தம்பி போக வேண்டும்.

தம்பிக்கு மனசில்லை.

"பாப்பாவுக்கு ஏழு வயசுதானுங்ணா ஆச்சு. அங்க போயி நானென்ன பண்ணட்டும்? பாசையும் தெரியாது."

"மிஷினுக்கு என்னடா பாசை? கரண்டக் குடுத்தா ஓடும்."

"அம்மன்கிட்டப் பூக் கேக்கலாமுங்ணா. உத்தரவு கெடச்சாப் போறேன்."

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை அரளியை ஒரு பொட்டலமும் சிவப்பரளியை ஒரு பொட்டலமுமாக, வித்தியாசம் தெரியாமல் கட்டிச் சாமி காலடியில் வைத்து, சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தக் காரியத்தை விட்டுவிடுவோம்.

பொட்டலம் கட்டியது நான். கோயிலுக்குப் பின்புறம் தனியாகப் போய், இரண்டிலும் வெள்ளை அரளியையே வைத்தேன். கம்பெனியிலிருந்து கொண்டுபோன ஊதா நூலைச் சுற்றி மும்மூன்று முடிச்சுப் போட்டேன். பாப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை. தம்பி சம்சாரம் அழுதுகொண்டே கும்பிட்டார். மற்றப் பொட்டலத்தைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று கையில் எடுத்தேன். தம்பி வாங்கிக்கொண்டார்.

"இருக்கட்டுமுங்ணா. வேண்டாம்னு சொல்ற பூவும் அம்மனுதுதானுங்களே."

பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆக, அந்தப் பிள்ளை எதை எடுத்திருந்தாலும் அவள் அப்பா போகத்தான் போயிருப்பார். இது என் முதல் பங்கு.

சம்சாரத்தையும் பாப்பாவையும் பள்ளிக்கூடத்துக்காக இங்கேயே விட்டுவிட்டு, தம்பி அங்கே இருபது மிஷினோடு தொடங்கினார். மூன்று மாதம் ஆகியிருக்கும். போன் வந்தது.

"ஏனுங்ணா, நேத்து வந்துட்டு ஒரு வார்த்த பேசாமப் போயிட்டீங்க?"

"நானா? நேத்து பூரா நான் சோமனூர்ல சம்பந்தி ஊட்டுல இருந்தேன்டா."

"செக்கிங் டேபிள்கிட்ட நின்னு காலரத் திருப்பித் திருப்பிப் பாத்தீங்க. டீ சொல்லட்டுங்ளான்னு கேட்டேன். தலைய ஆட்டுனீங்க."

தனியாக இருக்கிற ஆள், வேலைக் களைப்பு, ஏதோ நினைப்பு என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறமும் நாலைந்து முறை இப்படிச் சொன்னார். ஆலையைப் பேசி முடித்ததுகூடப் போனில்தான். அதுவரை நான் அந்த ஊர் மண்ணை மிதித்ததே கிடையாது.

இரண்டாம் வருடம் போனேன். நல்ல வெயில் நேரம். ஆலைக்குள் கால் வைத்ததும் இருபது மிஷினும் ஒன்றாக நின்றன. கரண்ட் போகவில்லை, மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தைத்துக்கொண்டிருந்த பெண்கள் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஒருத்திகூடப் புது ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கவில்லை. ஒரு பெண் சுவரோரமிருந்த நாற்காலியைத் துடைத்தாள். இன்னொருத்தி சர்க்கரை போடாத டீ கொண்டுவந்தாள். எனக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தம்பியிடம்கூட நான் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் என் காலைப் பார்த்தாள்.

"பெரிய அண்ணா இன்னைக்கு செருப்பு போட்டு வந்திருக்கு. டெய்லி வெறுங்கால்ல வருது."

மற்றப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. முகம் வாடிக் கிடந்தது.

"ஊருக்கே வந்தர்லாம்னு இருக்கறனுங்ணா. போன வாரம் நீங்க சொன்னதுக்கப்பறம் இங்க இருக்க மனசே வரலீங்."

"என்னடா சொன்னேன்?"

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையத்தான் வெச்சேன்னு. இந்தச் சேர்ல உக்காந்துதான சொன்னீங்க?"

அதை நான் கட்டின சம்சாரத்திடம்கூடச் சொன்னதில்லை. தம்பி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"எனக்குப் பிரிக்கத் தைரியமில்லீங். நீங்களே பிரிங்ணா."

அதே ஊதா நூல். என் மூன்று முடிச்சு. நான் போடுகிற முடிச்சு எனக்குத் தெரியும். யாரும் அவிழ்த்துக் கட்டியது இல்லை. கத்தரியால் நூலை வெட்டிப் பிரித்தேன். உள்ளே சிவப்பரளி. இரண்டு வருடத்துப் பூ, அன்று காலையில் பறித்ததுபோல் ஈரமாக இருந்தது.

தம்பிக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"அப்ப உத்தரவு நெசந்தானுங்ணா! எதுக்கு என்னைய அப்படிப் பயமுறுத்துனீங்க?"

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. நான் வைத்தது வெள்ளைதான், இது எங்கிருந்து வந்ததோ தெரியாது, கிளம்புடா ஊருக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் மிஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டன. வெளி மாநிலத்தில் என் மிஷின்கள் ஓடுகிற சத்தம். அது எனக்குப் பிடித்திருந்தது.

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்டா" என்றேன்.

இது என் இரண்டாவது பங்கு.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் தம்பி அங்கேயே இருந்தார். அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்டார். மாசமாக இருக்கும் பெண்களை ஜன்னல் பக்கத்து மிஷினில் உட்கார வைப்பார். மழைத் தண்ணீர் அந்தத் தெருவுக்குள் வந்தபோது துணிக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு, வீடு நனைந்தவர்களை ஆலையில் படுக்க வைத்தார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். என் உருவம் வருவதைப் பற்றி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். நானும் கேட்கவில்லை.

போன வருடம், காலை பதினோரு மணிக்கு, ஒரு காலரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து வாசலைப் பார்த்திருக்கிறார். சூப்பர்வைசர் பின்னால் என்னிடம் சொன்னது இது: "பெரிய அண்ணா கேட்கிட்ட நிக்குது. கையக் காட்டிக் கூப்பிடுது. சின்ன அண்ணா 'வர்றனுங்ணா' சொல்லிட்டுப் போச்சு." கேட்டுக்கு நாலடி முன்னால் விழுந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். அந்த நேரத்தில் நான் திருப்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இதைப் படிக்கிற உங்களில் பலர் என்னோடு சாப்பிட்டவர்கள். நான் கூப்பிடவில்லை. ஆனால் கூப்பிட்டது என் உருவம் என்றால், அதை வேறு யார் தலையில் போடுவது?

தம்பியின் உடலோடு வழி முழுக்க வண்டியில் உட்கார்ந்து வந்த சூப்பர்வைசர் அம்மாவை எங்கள் குடும்பம் மறக்காது. அவர் கூட வந்த நான்கு பெண்களுக்கும், ஒடிசாவில் ஆலைக் கதவைச் சாத்தி அன்று அடுப்பு மூட்டாமல் இருந்த அந்தத் தெருக்காரர்களுக்கும், கடைசிச் சீர் செய்த பங்காளிகளுக்கும், மாமன் மச்சான்மாருக்கும் கை கூப்புகிறேன்.

மலரைத் தொகுக்கிற தங்கை வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டுத் தயங்கினார்.

"மச்சான், நல்லத மட்டும் போடலாமுங். சனம் என்ன பேசும்?"

"பேசட்டும் மாப்ள."

"சரி, அந்தச் செவப்புப் பூவு எப்படி வந்துச்சுங்?"

"அது எனக்குத் தெரியாது. வெச்சவங்க வந்து எழுதிக்கட்டும். நா என்னுதச் சொல்லிட்டேன்."

கண்ணு, உன் கையில் ஒன்றும் இல்லை. பொட்டலம் கட்டியது பெரியப்பன். திரும்பி வர இருந்தவரைத் தடுத்ததும் பெரியப்பன். செய்த எந்தக் காரியத்துக்கும் பெயர் வாங்காமல் விட்டவன் இல்லை நான். இதற்கும் கேட்கிறேன். பாப்பா எழுதிய பக்கத்தில் அந்த வரியை எடுத்துவிட்டு, அதே இடத்தில், 'அப்பாவை ஒடிசாவுக்கு அனுப்பியது பெரியப்பா' என்று அச்சாக வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.