மயில் தோகை விளக்கம்

பெண் பார்க்க வந்த அன்று, திருப்பத்தூரில் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருந்த கொய்யாமரப் படத்தைப் பார்த்து, "நீங்களா வரைஞ்சீங்க?" என்று கேட்டார் அவர். தலையாட்டினேன். அந்த ஒரு கேள்விக்காகவே சம்மதம் சொன்னேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. பெங்களூரில் அவருக்கு சாஃப்ட்வேர் வேலை. காக்ஸ் டவுனில் வாடகை வீடு. அவர் ஆபீஸ் போனதும் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து வரைவேன். பிரஷ், பெயிண்ட் தீர்ந்தால் சிவாஜிநகருக்கு பஸ் ஏறுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஆபீஸ் நண்பர்கள் இருவர் சாப்பிட வந்தார்கள். சுவரில் இருந்த படத்தை ஒருவர் பாராட்டினார். பரிணாமம் பற்றி அப்போதுதான் ஏதோ புத்தகம் படித்திருந்த என் கணவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"மனுஷன் ஏன் வரையறான், பாடறான் தெரியுமா? மயில் தோகை மாதிரிதான். எல்லாம் ஜோடி பிடிக்க. இவ படம் வரைஞ்சா, நான் மாட்டிக்கிட்டேன். இனிமே அதுக்கு என்ன வேலை?"

எல்லோரும் சிரித்தார்கள். ரசப் பாத்திரத்தோடு நின்றிருந்த நான், "தோகை ஆண் மயிலுக்குத்தாங்க இருக்கு. உங்ககிட்ட என்ன இருந்தது?" என்றேன்.

சிரிப்பு இன்னும் பெரிதானது. அவர் முகம் இறுகியது. நண்பர்கள் போனதும், "நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்ட இல்ல?" என்றார். பத்து நாள் பேசவில்லை.

அதன்பிறகு கத்தவோ தடுக்கவோ இல்லை. ஈரம் காயாத படத்தைப் பார்த்தால் மட்டும், "இன்னும் யாரைப் பிடிக்கணும்?" என்பார், சிரித்துக்கொண்டே. ஆறு வயதில் செங்கல் துண்டால் சுவரெல்லாம் கிறுக்கினேனே, அது யாரைப் பிடிக்க என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். பிரஷ்ஷை எடுத்தாலே அந்தக் குரல்தான் காதில் விழுந்தது. ஒரு வருடத்துக்குள் வரைவது நின்றுபோனது. காய்ந்துபோன பெயிண்ட் டியூப்களைக் குப்பை வண்டியில் போட்டேன்.

மறுபடியும் அந்த நண்பர்கள் சாப்பிட வந்தபோது ஒருவர் கேட்டார்: "சிஸ்டர், இப்ப வரையறதில்லையா?"

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "விட்டுட்டா. நான் அன்னிக்கே சொன்னேன்ல? ஜோடி கிடைச்சாச்சுன்னா தேவைப்படாது. தியரி கரெக்ட்!"

இன்னும் கொஞ்சம் சாதம் போடவா என்று கேட்டேன்.

அந்தப் புத்தகத்தில் உண்மைகூட இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் வரைவதை நிறுத்தி அதற்குச் சாட்சியாக நின்றது நான். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.