சொன்னால் திட்டு இல்லை

செயற்கைப் பல் செய்யும் அந்தப் பட்டறைக்கு அவள் மருமகளாக வந்தபோது, கணினி வேலையை யாரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. தலையில் வந்து விழுந்தது. மக்கர் செய்த பிரிண்டரை ஒருநாள் அணைத்துப் போட்டாள், ஓடியது. அன்றிலிருந்து வயர் உள்ள எதற்கும் அவள்தான் பொறுப்பு. மாமனார் முதலாளி. கணவன் மருத்துவமனைகளைச் சுற்றி ஆர்டர் பிடிப்பவன்.

மருத்துவமனைகள் நோயாளியின் வாயை ஸ்கேன் எடுத்து அனுப்பும். அதை வைத்துத் திரையில் பல்லை வடிவமைத்தால், இயந்திரம் ஒரு வெள்ளைக் கட்டியிலிருந்து கடைந்து தரும். ஊரில் பாதிப் பேருடைய வாய் அந்த சர்வருக்குள் இருந்தது. எவனோ ஒருவன் அதைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால் என்ன கதி என்று யோசித்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

படித்தாள், கண்டவரிடமெல்லாம் கேட்டாள். தினமும் மாலையில் ஒரு டிஸ்க்கில் பேக்கப் எடுத்துக் கழற்றி வைத்தாள். வாரம் ஒருமுறை வேறொரு டிஸ்க்கில் இன்னொன்று எடுத்து, வயரைப் பிடுங்கி, மாடியில் தன் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மற்ற பெண்கள் நகை வைக்கும் இடம் அது. மாதத்தில் ஒரு நாள், மூலையில் கிடந்த பழைய கணினியில் அதை ஏற்றி, கோப்புகள் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்றும் பார்ப்பாள்.

"வீடு எரியாமலே தண்ணி ஊத்துறா என் மருமக" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார் மாமனார். பட்டறையில் அவளுக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'. "சந்தேகம் வருது, பென் டிரைவை ஒளிச்சு வை" என்று அவள் காதுபடவே பேசிக்கொள்வார்கள்.

மாமனார் தங்கமான மனிதர், வாய் மட்டும் தகரம். அந்த வாய்க்குப் பயந்துதான் அச்சுக்கு மாவு கலக்கும் மாவுக்காரர், அந்த அச்சுகளை ஸ்கேன் எடுக்கும் பட்டறை ஸ்கேனரைக் கீழே போட்டதைச் சொல்லாமல் விட்டார். ஒரு வாரம் செய்த பல் எதுவும் எவர் வாயிலும் உட்காரவில்லை. அப்போதுதான் அவள் ஒற்றைக்காலில் நின்று ஒரு சட்டம் கொண்டுவந்தாள். தப்பு செய்தவர் உடனே வந்து சொல்லிவிட்டால் திட்டு கிடையாது, நன்றிதான்.

"தப்பு பண்ணவனுக்கு மரியாதை வேறயா?" என்று குதித்தார் மாமனார்.

"தப்பால நாம கெடல மாமா. மறைச்சதாலதான் கெட்டோம்."

முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

ஒரு முற்பகல், வெள்ளைக் கட்டி விற்பவரின் பில்லுக்காக அவள் காத்திருந்தபோது, அவர் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் பில்லோடு வந்தது. திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன மகராசி, இன்னொரு தடவையும் திறந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின.

அந்த மின்னஞ்சலை அழித்துவிட்டால் திறந்தது யாரென்று யாருக்கும் தெரியாது. சந்தேகமே ஏமாந்தது என்று காலமெல்லாம் கேலி பேசுவார்களே! கை அழிக்கும் பொத்தான் வரைக்கும் போனது, அதை மறைப்பானேன். பிறகு எழுந்து கத்தினாள்.

"எல்லாரும் நெட் வயரைப் பிடுங்குங்க! கெட்ட மெயிலைத் திறந்துட்டேன், நான்தான் திறந்தேன்!"

மாவு அப்பிய கையோடு மாவுக்காரர் ஓடிவந்து முதல் வயரைப் பிடுங்கினார். மற்றவர்களும் பிடுங்கினார்கள். அதற்குள் சர்வரில் பாதி போய்விட்டிருந்தது.

திரையில் இருந்த மிரட்டலைப் படித்த மாமனார் திட்டவில்லை. முகம் வெளுத்திருந்தது. "கேட்டதைக் குடுத்துத் தொலைச்சுடலாமாம்மா?"

"குடுத்தா மட்டும் திறந்துவிடுவான்னு என்ன நிச்சயம்? நம்மகிட்ட பேக்கப் இருக்கு மாமா."

போலீஸில் புகார் கொடுத்தாள். கணினிகளையும் சர்வரையும் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினாள். நேற்று மாலை எடுத்த டிஸ்க்கைக் கையில் எடுத்தாள். இது போதும், இன்றைய காலை வேலை மட்டும்தான் நஷ்டம். மாமனார் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அது வேண்டாம்மா."

"ஏன் மாமா?"

"அதே மாதிரி ஒரு பில்லு நேத்து காலைலயே என் மெயிலுக்கும் வந்துது, திறந்துட்டேன். ஒண்ணும் வரல. மூடிட்டேன்."

டிஸ்க் அவள் கையிலேயே நின்றது. அந்தச் சனியன் நேற்றே உள்ளே நுழைந்திருந்தால், நேற்று மாலைப் பேக்கப்பிலும் அது ஒளிந்திருக்கலாம். அதை ஏற்றினால், துடைத்த வீட்டுக்குள் திருடனைத் தானே கூட்டிவருவது போலத்தான்.

"நேத்தே ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? திட்டுறவன் நானாச்சே."

அவளுக்குக் கோபம் பொங்கியது. இப்போதாவது சொன்னாரே என்று ஆறுதலும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "சொன்னதுக்கு நன்றி மாமா" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மாடியிலிருந்து அலமாரி டிஸ்க் இறங்கி வந்தது. அதில் கடைசிச் சில நாள் செய்த வேலை இல்லை. கணவன் ஒவ்வொரு மருத்துவமனையாகக் கூப்பிட்டு, புது ஸ்கேன்களை மறுபடி அனுப்பச் சொல்லிக் கெஞ்சினான். சிலர் எரிந்து விழுந்தார்கள், ஆனாலும் அனுப்பினார்கள். திரையில் யாருடையதோ ஒரு கீழ்த்தாடை முழுசாகத் திறந்தபோது அவளுக்கு மூச்சு வந்தது.

வெளியே கூடத்தில் சிரிப்புச் சத்தம். "ஊருக்கெல்லாம் சொல்ற சந்தேகமே மாட்டிக்கிச்சு பாரு" என்றான் திரையில் பல் வடிவமைக்கும் பையன். மாமனார் விடுவிடுவென்று போய்க் கூடத்தின் நடுவில் நின்றார்.

"யாரும் என் மருமகளைப் பேசக் கூடாது. அவளுக்கு முன்னாடி, நேத்தே திறந்தவன் நான். மறைச்சவனும் நான்தான். அவ திறந்த உடனே சொன்னா."

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அவளுக்காகக் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. அவள் அடுத்த கணினியின் முன் உட்கார்ந்து டிஸ்க்கை மாட்டினாள். கண் நிறைந்திருந்ததால், திரையில் வந்த எழுத்தைப் படிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.