திருகோணமலைக்குக் கொண்டுபோன பன்னிரண்டு போத்தல்

வியாழன், காலை 5.10, வெள்ளவத்தை.

பன்னிரண்டு போத்தல் வைனை இரண்டு அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, இடையில் பழைய சேலைத் துண்டுகளைத் திணித்து, வாடகை வானின் பின்சீற்றில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். திருகோணமலைக்கு 265 கிலோமீற்றர். வாடகை 19,000 ரூபாய். சாரதி நவ்பர், திருகோணமலைக்குப் பக்கத்துக் கிண்ணியா முஸ்லிம். விமான நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்து விட்டவர், வெறும் வானோடு திரும்பாமல் பாதி விலைக்கு என்னை ஏற்றினார்.

ஏன் வைன்? என் தங்கச்சி ஜெசிந்தா உவர்மலைச் சரிவில், உட்துறைமுகத்தைப் பார்த்தபடி ஆறு அறை விடுதி நடத்துகிறாள். வெள்ளைக்காரர் எல்லாரும் உப்புவெளி, நிலாவெளி என்று மணலைத் தேடிப் போய்விடுவார்கள். மணல் இல்லாத இவளிடம் யாரும் வருவதில்லை. கொழும்பில் ஐரோப்பியச் சுற்றுலாக் குழுக்களைக் கூட்டிவரும் நிறுவனம் ஒன்றின் பெண் சாப்பிட்டுப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். பிடித்தால் மே முதல் செப்டெம்பர் வரை குழுக்கள் வரும். பிடிக்காவிட்டால் வீடு ஒரு கொழும்புக்காரருக்குப் பத்து வருடக் குத்தகை. அவள் புருஷன் அல்பிரட் கட்டாருக்குச் சமையல் உதவியாளாகப் போவான். அல்பிரட் அதற்கான படிவத்தை நிரப்பி, அலுமாரிக்குள் வைத்தும் விட்டான்.

“சாப்பாடு என்ர பொறுப்பு. வைன் பட்டியல் உங்கட பொறுப்பு” என்று தங்கச்சி தொலைபேசியில் சொல்லியிருந்தாள். லண்டனில் ஒரு மதுக்கடையில் இருபத்தொரு வருடம் கல்லாவில் நின்றவள் நான். கடை என்னுடையதல்ல. எந்தத் திராட்சை எந்தக் குன்றில் வளர்ந்தது என்று கேட்டால் தெரியாது. எட்டுப் பவுணுக்குக் கீழே எதைக் குடிக்கலாம், எதைத் தொட்டியில் ஊற்றலாம் என்பது தெரியும்.

போத்தல்களை முதல்நாள் வாங்கியபோது விற்பனையாளர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“சேர் வரேல்லையா?”

“சேர் செத்துப் போனார்” என்றேன். அப்படி ஒரு சேர் இருந்ததே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கேள்வி கேட்கவில்லை.

காலை 7.30, குருநாகல் தாண்டி.

ஒவ்வொரு குழியிலும் போத்தல்கள் முனகின. நவ்பர் கண்ணாடியில் பார்த்தார்.

“அக்கா, பெட்டிக்குள்ள என்ன எண்டு எனக்குச் சொல்ல வேணாம்.”

“சத்தம் கேக்குதே தம்பி.”

“கறிக்கு விடுற வினாகிரி எண்டு நினைச்சிட்டன். ஊருக்குப் போற வரைக்கும் வினாகிரிதான்.”

ஏ.சி.யை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் கேட்டேன். நிறுத்தவில்லை. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைன் வெந்துவிடும். வெந்த வைனுக்குப் பழைய கஞ்சிச் சுவை வரும். இந்தத் தீவில் விற்கும் வைனில் பாதி அப்படித்தான் இருக்கிறது. கண்ணாடி அலுமாரியில், வெயில் படும் பக்கம், நட்டுக்க நிறுத்தி வைப்பார்கள். அங்கே வாங்காதீர்கள்.

என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் வாங்கியதைச் சொல்கிறேன். ஒவ்வொன்றிலும் இரண்டு போத்தல். வெள்ளையில் தென்னாபிரிக்கச் செனின், 5,400 ரூபாய். நண்டுக் கறிக்கு இதைவிட நல்லது இந்த விலைக்குக் கிடையாது. கொஞ்சம் தேன், நிறையப் புளிப்பு, உறைப்பைத் தாங்கும். போர்த்துக்கல்லின் பச்சை வைன், 5,600. பெயர்தான் பச்சை, நிறம் வெள்ளை. பொரித்த மீனோடு எலுமிச்சம்பழம் பிழிந்ததுபோல வேலை செய்யும். கதிரை, அலுமாரி என்ற சொற்களைத் தந்துவிட்டுப் போன போர்த்துக்கேயர் இதையும் பழக்கிவிட்டுப் போயிருக்கலாம். சிவப்பில் ஸ்பெயின் தெம்பிரானியோ, 4,700. பெட்டியில் மலிவானது இதுதான், ஆகத் திறமானதும் இதுதான். கொஞ்சம் குளிரவைத்துக் குடியுங்கள். அவுஸ்திரேலிய ஷிராஸ், 5,800. மாட்டிறைச்சிப் பிரட்டலுக்கு மட்டும். சிலிக் கபர்னே, 4,950. தனியாகக் குடித்தால் பரவாயில்லை, தூள் போட்ட கறியோடு குடித்தால் வாய் கசக்கும். லண்டனில் இவை எல்லாம் ஏழு பவுண். இங்கே வரிக்கு மேல் வரி. குடிப்பவன் பாவம் செய்கிறான் என்று சொல்லி, அந்தப் பாவத்தில் முதல் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆறாவது பிரெஞ்சுச் சிவப்பு, போர்தோ, 11,900. தங்கச்சி கெஞ்சியதால் வாங்கினேன். “பிரெஞ்சுப் பேர் ஒண்டாவது இல்லாட்டி அந்த மிஸ் எங்களைத் திரும்பியும் பாராது அக்கா.” அந்த விலைக்கு அது வெறும் பெயர்தான். மெல்லிசு, புளிப்பு, மரத்தூள் வாசம்.

காலை 10.20, ஹபரணை.

தேநீர் 120 ரூபாய், சீனி தனி. தங்கச்சி அழைத்தாள்.

“அக்கா, சனிக்கிழமை போயா!”

லண்டனில் முழுநிலவைப் பார்த்து யாரும் கடை பூட்டுவதில்லை. சனிக்கிழமை இரவு விருந்து என்று நாள் குறித்தவள் நான்தான். பௌத்தர்களின் முழுநிலா நாளான போயாவில் மது பரிமாறினால் விடுதியின் அனுமதிப்பத்திரம் போய்விடும்.

“ஏன் அண்டைக்கே சொல்லேல்ல?”

“லண்டன் அக்கா சொன்னா யோசிச்சுத்தான் சொல்லுவா எண்டு விட்டிட்டன். அந்த மிஸ் இப்பதான் கோல் எடுத்தவ. நாளைக்குப் பகலே வாறாவாம்.”

பிற்பகல் 1.05, கப்பல்துறை.

கந்தளாய்க்குப் பிறகு வயல், பிறகு புதர். சீனக்குடாவின் பழைய எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் குந்தியிருந்தன. பிறகு துறைமுகம் தெரிந்தது. உலகத்தில் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். அந்த ஆழத்தால் அதன் கரையில் பிறந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. வந்த ஒவ்வொரு கொடிக்காரனும் அதைத் தனதென்றான். இப்போதும் பாதிக் கரைக்கு வேலி. படம் எடுக்கக்கூடாது என்று பலகை. தண்ணீர் மட்டும் வெட்கமில்லாமல் அழகாக இருக்கிறது.

வெள்ளி, காலை 8.00, உவர்மலை.

திருத்த வேலைக்கென்று மின்சாரம் நின்றது. மாலை ஐந்துக்குத்தான் வருமாம். குளிர்சாதனப் பெட்டி ஊமையாகிவிட்டது. அல்பிரட் சிரித்தான். அவன் திருக்கடலூரில் மீன் வாங்கி, ரெஜிபோம் நுரைப் பெட்டியில் ஐஸ் போட்டு, தம்புள்ளைக்கு அனுப்புகிறவன்.

“ஐஸுக்கு என்ன பஞ்சம் மச்சாள்? நீங்கள் போய் உங்கட வேலையைப் பாருங்கோ.”

“வெள்ளையை நல்லாக் குளிர வை. சிவப்பைக் கடைசி அரை மணித்தியாலம் வைச்சாக் காணும்.”

“ஓம், ஓம்.”

வீட்டில் வைன் கிளாஸ் இல்லை. நவ்பரோடு மத்திய வீதிக்குப் போனேன். நாலு கடை ஏறி இறங்கி, ஒன்று 450 ரூபாய்க்குப் பன்னிரண்டு வாங்கினேன். நகருக்குள் திரியும் மான்கள் குப்பைத் தொட்டியை மேய்ந்துகொண்டு நின்றன. வெளிநாட்டுச் சோடி ஒன்று அவற்றைப் படமெடுத்தது. பொலித்தீன் தின்னும் மானில் என்ன அழகோ.

பகல் 11.30.

திரும்பி வந்தபோது குசினி மேசையில் பன்னிரண்டு போத்தலும் அம்மணமாக நின்றன. ஒன்றிலும் லேபிள் இல்லை.

மீன்காரன் கை அது. பழுதாகாமல் இருக்கவேண்டிய எதையும் தலை தெரியாமல் ஐஸுக்குள் புதைப்பதுதான் அவனுக்குத் தெரிந்த வேலை. வெள்ளை சிவப்பு என்று பிரிக்கவில்லை. பன்னிரண்டையும் எட்டு மணிக்கே புதைத்துவிட்டான். கடதாசி ஊறிக் கழன்றது. மிச்சத்தை அவனே சவர்க்காரம் போட்டுத் தேங்காய்த் தும்பால் உரஞ்சியிருந்தான்.

“மீன் மணக்கக் கூடாதெண்டு நல்லாத் தேச்சிட்டன் மச்சாள். பாருங்கோ, பளிங்கு!”

தங்கச்சி தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள்.

“பிரெஞ்சுப் பேர்… அக்கா, அந்தப் பேரும் போச்சு.”

எனக்கு எது எது என்று தெரியும். மூடியும் கழுத்தும் வாசமும் போதும். “குசினிக்குள்ள ஊத்தி, கிளாஸில கொண்டுபோவம்” என்றேன். வெள்ளையை மட்டும் திரும்ப ஐஸுக்குள் வைத்து, சிவப்பை மேசையிலேயே விட்டோம்.

பகல் 12.40.

வந்த பெண்ணின் பெயர் சுரேகா. கொழும்புத் தமிழ். முப்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, சுவிற்சர்லாந்தில் விடுதி முகாமைத்துவம் படித்தவள் என்பதை வந்த பத்து நிமிடத்தில் மூன்று தடவை சொன்னாள். நண்டுக் கறி, பாரைப் பொரியல், கணவாய்ப் பிரட்டல். தங்கச்சியின் கைக்குக் குறை சொல்ல யாராலும் ஏலாது. சுரேகா விரலைச் சூப்பினாள். துறைமுகத்தைப் பார்த்து “என்ன வியூ!” என்றாள். தங்கச்சியின் முகத்தில் நிறம் வந்தது.

“போத்தலைக் காட்டுங்களேன்.”

“லேபிள் ஐஸில கழண்டிட்டுது மிஸ்” என்றேன்.

“அப்ப பரீட்சையா?” சிரித்தாள். “பிரெஞ்ச் ஒண்டு இருக்கா?”

“இருக்கு மிஸ்” என்றாள் தங்கச்சி.

வெள்ளை இரண்டையும் தலையாட்டிக் குடித்தாள். பிறகு சிவப்பு. ஸ்பெயின்காரனை மூக்கில் வைத்தாள், வாயில் சுழற்றினாள், கண்ணை மூடினாள்.

“இதுதான் பிரெஞ்ச். இதை ஒளிக்க முடியாது. மற்றதெல்லாம் சும்மா.”

4,700 ரூபாய்ப் போத்தல்.

“ஓம் மிஸ், அதேதான்” என்றாள் தங்கச்சி, மூச்சு விடாமல். மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

சுரேகா பையிலிருந்து தாள்களை எடுத்தாள். மே மாதத்திலிருந்து மாதம் மூன்று குழு என்றாள். அப்போதே நான் எழும்பிக் குசினிக்குப் போயிருக்க வேண்டும். அவள் மிஞ்சியிருந்த போர்தோவை ஒரு வாய் எடுத்தாள், முகத்தைச் சுளித்தாள், கிளாஸுக்குள்ளேயே திரும்பத் துப்பினாள்.

“இந்த மலிவுச் சாமானை என்ட ஆக்களுக்குக் குடுக்காதீங்க. இதை உங்கட ஊர் ஆக்களுக்கு வைங்க. அவங்களுக்கு ஏறினாச் சரிதானே.”

அல்பிரட் மீன் தட்டோடு வாசலில் நின்றான். அவனுக்கும் கேட்டது.

“பிள்ளை, நீங்கள் துப்பினதுதான் பிரெஞ்சு” என்றேன். “பதினொராயிரத்துத் தொளாயிரம். கண்ணை மூடிக் குடிச்சது ஸ்பெயின், ஆக மலிவு. மூக்குக்குத் தெரியாட்டிப் பரவாயில்லை, வாயை எண்டாலும் அளந்து கதையுங்கோ.”

சுரேகாவின் கழுத்து சிவந்தது. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கிப் பைக்குள் வைத்தாள். “சாப்பாடு ரொம்ப நல்லம், நன்றி” என்று தங்கச்சியைப் பார்த்து மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மூன்றரைக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது: இந்தப் பருவத்துக் குழுக்கள் வேறு இடங்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டன.

தங்கச்சி அதை என் முன்னால் பிடித்தாள்.

“நான் பிழையாச் சொல்லேல்ல” என்றேன். “அவள் கதைச்ச கதை…”

“இருபத்தொரு வருஷம் லண்டனில கண்டவனுக்கெல்லாம் ‘நல்ல போத்தல் எடுத்தீங்கள்’ எண்டு சிரிச்சு வித்தனீ. ஆரோ வெள்ளைக்காரன்ர கடைக்காகப் பொய் சொன்னனீ. எனக்காக ஒருக்கா வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலாமப் போச்சே உனக்கு?”

பிறந்ததிலிருந்து என்னை ‘நீங்கள்’ என்று அழைத்தவள். சாராயத்தில் தள்ளாடி வருபவனிடமும், ஊசிப்போன வைனைக் கேட்பவனிடமும் நான் அந்த வசனத்தைச் சொல்லியிருக்கிறேன். மாதச் சம்பளத்துக்கு அடக்கிவைத்த வாயை, தங்கச்சியின் மேசையில் வைத்துத்தான் திறந்தேன்.

சனி, போயா.

கோவில் பக்கம் போகவில்லை, கோட்டைக்கும் போகவில்லை. போனவர்கள் எழுதியதைப் படித்துக்கொள்ளுங்கள். அறையில் இருந்தேன். தங்கச்சி தேநீரை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு, காலை 6.00.

நவ்பர் வந்தார். பெட்டி இல்லாததைப் பார்த்துவிட்டு, “வினாகிரி முடிஞ்சுதா அக்கா?” என்றார். தங்கச்சி படலைவரை வரவில்லை. அல்பிரட் வந்தான். அயன் பண்ணிய சட்டை, கையில் பிளாஸ்ரிக் உறை. உள்ளே கட்டார் படிவம், கடவுச்சீட்டு, நாலு படம். எப்படியும் கொழும்புக்குப் போகிற வான்தானே என்று ஏறிக்கொண்டான்.

கப்பல்துறை போனது, கந்தளாய்க் குளம் போனது. அவன் என்னை ஏசுவான் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மச்சாள், சிவப்பை எவ்வளவு நேரம் குளிர வைக்கிறது? திருப்பிச் சொல்லித் தாங்கோ. அங்க பெரிய ஹோட்டல் எண்டால் கேப்பினம்.”

“அரை மணித்தியாலம். ஐஸுக்குள்ள புதைக்காதை. லேபிள் நனையக் கூடாது.”

வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான்.

“குடிக்கிற ஆள் பிழையாச் சொன்னா?”

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

“ஓம் எண்டு சொல்லவேணும், என்ன மச்சாள்?”

“ஓம்” என்றேன்.