வடக்குப்பட்டு ஓடையில் ஒன்றேகால் மணி நேரம்

காலை ஆறே முக்காலுக்குத் தாம்பரத்தில் பேருந்து ஏறினேன். மழையை எதிர்பார்த்து மூன்று வாரமாக இதே பாதையில் அலைந்ததில் உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. ஒரகடத்தில் இறங்கி, வடக்குப்பட்டுக்கு ஆட்டோ பிடித்தேன், எண்பது ரூபாய். பெய்யும் மழையில் எவ்வளவு, எத்தனை நேரத்தில் ஓடைக்கு வந்து சேரும் என்று கணிப்பது என் வேலை. மழை தொடங்கி நான்கு மணி நேரம் கழித்துத்தான் வெள்ளம் உச்சம் தொடும் என்று பழைய வரைபடத்தை வைத்து அறிக்கை கொடுத்திருந்தேன். அதை நேரில் அளந்து பார்க்கத்தான் இந்தப் பயணம்.

"மழை வரசொல்ல ஓடையாண்ட இன்னா மேடம் வேலை?" என்றார் ஓட்டுநர் தேவராஜ். சொன்னேன். "நாலு அவரா? மேலாண்ட கொடவுன் கட்டி, ஃபுல்லா சிமென்ட் போட்டுட்டாங்க. தண்ணி சல்லுனு வந்துடும்." களைப்பில் தலையாட்டி வைத்தேன்.

ஒன்பதேகாலுக்கு மழை பிடித்தது. பாலத்தூணில் கட்டியிருந்த அளவுகோலைக் கால் மணிக்கொரு முறை பார்த்துக் குறித்தேன். பத்து மணிக்கு இரண்டடி. பத்தேகாலுக்கு நாலடி. கரையோரம் ஆறு வாடகை அறைகள். கதவுகள் சாத்தியிருந்தன, வாசலில் செருப்புகள் மிதந்தன. தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்ட் முடித்த பெண்கள் உள்ளே தூங்குகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

நோட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவுகளைத் தட்டினேன். ஐந்து திறந்தன. ஆறாவது திறக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து வந்த தூத்துக்குடிப் பெண் மாரிச்செல்வி ஜன்னலை ஓங்கி அடித்தாள். "ஏட்டி, எந்திட்டி! தண்ணி வந்துட்டு!" உள்ளிருந்தவள் நனைந்த பாயோடு வெளியே வந்தபோது முழங்காலளவு தண்ணீர். எல்லோரும் மாடிக்கு ஏறினோம்.

நான் பாலத்துக்குத் திரும்பும்போது வெள்ளம் வடியத் தொடங்கியிருந்தது. உச்சம் என் நோட்டில் இல்லை. உயரத்தை அந்த அறைகளின் சுவரில் படிந்திருந்த சேற்றுக்கோட்டில் அளந்தேன். நேரத்தை மாரிச்செல்விதான் சொன்னாள்: "மாடிக்கு ஏறுனப்ப போனைப் பாத்தேன்க்கா, பத்தரை. அதுக்கு மேல ஏறல."

ஒன்றேகால் மணி நேரம்.

"மழை பெஞ்சாலும் வெள்ளம் வர நாலு மணி நேரம் ஆவும்னு ரிப்போர்ட்டுல இருக்குன்னு ஹவுஸ் ஓனரு சொன்னாரு. அத நம்பித்தான் கீழ் ரூமு எடுத்தோம்" என்றாள்.

"அது நான் எழுதினது" என்றேன்.

என்னையே பார்த்தாள். "அப்ப நீங்களே மாத்தி எழுதிருங்க." நனைந்த தன் பாயைப் பிழியத் தொடங்கினாள். அன்றிரவும் அவளுக்கு ஷிஃப்ட்.

மாலை நான்கு மணிப் பேருந்தில் அறிக்கையைத் திருத்திக்கொண்டே வந்தேன். என் வீடு மூன்றாம் மாடியில். மழை பெய்தால் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவள் நான். படப்பை தாண்டியதும் மறுபடி தூறியது. உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சியது. கண்ணை மூட முடியவில்லை.