டிரெய்லரின் பின்பக்க ஏணி

வீடு கட்டி முடியும்வரை, ஒரு மழைக்காலமும் அதன் பின்வந்த பனிக்காலமும் நாங்கள் ஒரு டிரெய்லரில் குடியிருந்தோம். எண்பதுகளின் தொடக்கம் அது. என் கணவரிடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஒன்று இருந்தது. மராட்டியத்துக்கும் ஆந்திரத்துக்கும் மாதக்கணக்கில் வேலைக்குப் போகும் அந்த வண்டியின் பின்னால் இழுத்துச் செல்வதற்காக, ஆட்கள் தங்கவென்று திருச்செங்கோட்டில் ஒரு பட்டறையில் கட்டிய சக்கர வீடு அது. மழை மாதங்களில் ரிக் ஓடாது. அந்த ஓய்வில் டிரெய்லரை எங்கள் தோட்டத்துக்கு இழுத்துவந்து, பாதி எழும்பியிருந்த சுவர்களுக்கு அருகில் நிறுத்தி, மூன்று வயது மகளோடு அதற்குள் குடிபுகுந்தோம்.

இருபதடி நீளமும் ஏழடி அகலமும் கொண்ட அந்த இடத்தில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை இன்று எழுதும்போதுதான் முழுதாக உணர்கிறேன். உள்ளே எப்போதும் புதுப் பெயிண்ட் மணக்கும். மேல்பலகையில் படுக்கை, கீழ்ப்பலகையில் அரிசிப்பானையும் என் புத்தகங்களும். மழை வலுத்தால் தகரக் கூரையின் இரைச்சலில் பேச்சு கேட்காது. நானும் என் கணவரும் சைகையால் காபி கேட்டு, சைகையால் சர்க்கரை போதும் என்போம். குழந்தை அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ஹீட்டர் இருந்தது. வடக்கே குளிர்காலத்தில் ஆட்கள் குளிப்பதற்காகப் பின்பக்கத் தடுப்பில் பொருத்தியது. கிணற்று மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் இழுத்திருந்தோம்; சுவிட்சைப் போட்டால் அரை மணியில் வெந்நீர். விறகும் புகையும் இல்லாத வெந்நீர் அன்று எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் கிடையாது. அதைப் பார்ப்பதற்கென்றே உறவுக்காரப் பெண்கள் வந்து, குழாயைத் திறந்து, விரலை நனைத்துவிட்டுப் போவார்கள்.

ஹீட்டருக்குத் தண்ணீர் தருவது கூரையில் இருந்த தொட்டி. வெளியே பின்பக்கத்தில் ஓர் இரும்பு ஏணி. கிணற்றுத் தொட்டியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து, அந்த ஏணியில் ஏறி ஊற்றவேண்டும். அதைச் செய்தவர் எங்களிடம் வேலைக்கு வந்த ஒரு பெண்மணி. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மழை மாதங்களில் சில நாள் களை வெட்டுவது போக வேறு கூலி கிடைக்காத காலம் அது. எங்கள் வேலையை நம்பித்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. அன்று நான் அவரை ஒருமையில்தான் அழைத்தேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் பின்பக்கம் குடம் விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். குடம் உருண்டு கிடந்தது. அவர் வலதுகை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார்.

"அம்மிணி, வண்டி கடிக்குதுங்க."

"எது கடிச்சுது? தேளா?"

"தேளில்லீங்க. ஏணியப் புடிச்சனுங்க. தோள் முட்டும் சுர்ருனு ஏறிருச்சு."

என் கணவர் வந்து ஏணியைப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நானும் பிடித்தேன். ஒன்றும் இல்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அந்தப் பெண்மணி அதையே சொல்லவே, பட்டறையிலிருந்து லாரி ஒயரிங் செய்யும் ஒயர்மேனை வரவழைத்தோம். அவர் உள்ளே ஏறி, டெஸ்டரை ஹீட்டரின் மேல் வைத்தார். அதன் விளக்கு மங்கலாக எரிந்தது. மழைக்கு அப்படித்தான் காட்டும் என்றார். பிறகு ஹீட்டரையே உள்ளங்கையால் தட்டிக் காட்டினார்.

"இங்க பாருங்கக்கா, நானே தொடறேன். என்னையக் கடிக்குதுங்களா? தண்ணி நல்லாக் காயுது. எர்த்து ஒயர வண்டிச் சட்டத்துல போல்ட்டுப் போட்டு முறுக்கி உட்டுருக்கறேன். அதுக்கு மேல என்னத்தப் பண்ண?" வெளியே நின்ற அந்தப் பெண்மணியைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க, கரண்டு ஆளப் பாத்தா அடிக்கும்?"

"அப்ப நீங்களே ஒரு கொடம் ஊத்தீட்டுப் போங்களே, பாக்கலாம்" என்றார் அவர்.

"எனக்கு சங்ககிரியில வண்டி நிக்குதுங்க" என்று ஒயர்மேன் பையை எடுத்துக்கொண்டார்.

கட்டட வேலையைப் பார்க்கக் காலைதோறும் ஊருக்குள்ளிருந்து வரும் என் மாமியார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒடம்பு வணங்காட்டி வாயில எது வேணும்னாலும் வரும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

அதன் பிறகு அந்தப் பெண்மணி முறையிடுவதை விட்டுவிட்டார். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு ஏணியைப் பிடித்தார். எட்டாவது நாள் இரண்டு குடங்களையும் ஏணியடியில் இறக்கி வைத்துவிட்டு, "என்னால முடியாதுங்க" என்றார். "முடியாட்டி உட்ரு. நாளையில இருந்து வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார் மாமியார். அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் அந்தப் பருவம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோகவிருந்தது.

நான் மட்டும் அவரோடு கொஞ்ச தூரம் நடந்தேன். "எப்பவுமா அடிக்குது?" என்று கேட்டேன்.

"வெடியால தானுங்க. மத்தியானம் பாத்தரம் களுவி ஏணிமேல கவுத்தறப்ப ஒண்ணும் பண்றதில்லீங்க."

"மழ இல்லாத அன்னைக்கு?"

"கொஞ்சம் கம்மிங்க. ஈரத்துல நின்னா சாஸ்தி." பிறகு, கோபமே இல்லாத குரலில், "பொய் சொல்லி எனக்கு என்னங்க அம்மிணி ஆகப்போகுது?" என்றார்.

தோட்டத்து வேலியில் ஆள் நுழையும் கடவை அடைந்ததும் அவர் குனிந்தார். கற்றாழை ஓரமாகக் கழற்றி வைத்திருந்த டயர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, வரப்பில் இறங்கிப் போனார். தினமும் அங்கேதான் அவர் செருப்பைக் கழற்றுவார். நிலத்துக்காரரின் தோட்டத்துக்குள் வேலையாட்கள் செருப்போடு நடப்பதில்லை என்பது யாரும் யாருக்கும் சொல்லாத வழக்கம். தினமும் பார்த்திருந்தேன், அன்றுதான் அதைக் கவனித்தேன். என் காலைப் பார்த்தேன். முள்ளும் சேறும் என்று நாங்கள் வெளியே செருப்பில்லாமல் இறங்கியதே இல்லை. ரப்பர் செருப்போடு வந்து, வாசலில் கிடந்த மரப்பலகையில் அதைக் கழற்றிவிட்டு, அப்படியே உள்ளே ஏறுவோம்.

சேலத்தில் கல்லூரியில் மூன்றாண்டுகள் இயற்பியல் படித்தவள் நான். என் அறிவு என்னைத் தேடி வர எட்டு நாட்கள் ஆகியிருக்கின்றன.

திரும்பி வந்து, ஏணியடியில், அவர் நின்ற அதே ஈரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். புறங்கையால் ஏணியைத் தொட்டேன். முழங்கைவரை ஒரு வெட்டு. கண் இருண்டு தெளிந்தது. உலர்ந்த பலகைமேல் ஏறி உள்ளே போய் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து தொட்டேன்; இரும்பு வெறும் இரும்பாக இருந்தது. விளக்கையும் விசிறியையும் தனித்தனியே போட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஹீட்டரைப் போட்டதும் மறுபடி அதே வெட்டு. விடியற்காலையில் என் கணவர் குளிப்பதற்காக அது எரியும் நேரத்தில்தான் அந்தப் பெண்மணி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

என் கணவரைக் கூப்பிட்டேன். "செருப்பக் கழட்டீட்டு இங்க வந்து நில்லுங்க."

"சேத்துலயா? எதுக்கு?"

"நில்லுங்க, சொல்றேன். புறங்கையால தொடுங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் நின்றார். தொட்டவுடன் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். டிரெய்லரின் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பாப்பா தொட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. எட்டு நாட்கள் தொட்டவரை நாங்கள் இருவரும் இரண்டாவதாகத்தான் நினைத்தோம்.

காரணம் எளிமையானது. லாரியில் பேட்டரியின் ஒரு முனையை வண்டிச் சட்டத்தில் முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. மின்சாரம் சட்டத்தின் வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். அந்தக் கைப்பழக்கத்தில் ஒயர்மேன் ஹீட்டரின் எர்த்து ஒயரையும் சட்டத்தோடு நிறுத்திவிட்டார். சட்டமோ நான்கு ரப்பர் டயர்களின் மேலும் முன்னால் ஒரு வேலமரக் கட்டையின் மேலும் நின்றது. மண்ணை எங்கும் தொடவில்லை. ஹீட்டரில் கசிந்த மின்சாரம் போக வழியின்றி டிரெய்லர் முழுவதும் நிறைந்திருந்தது. உள்ளே இருந்த நாங்கள் கம்பியில் உட்கார்ந்த காக்கைகள்போலச் சுகமாக இருந்தோம். வெறுங்காலோடு மண்ணில் நின்று இரும்பைத் தொடும் ஒருவர் வழியாக மட்டுமே அது இறங்கமுடியும்.

மோட்டார் ரூமில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரைக் கழற்றினோம். உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் காயில் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் கிணற்றின் உப்பு அதன்மேல் சுண்ணாம்புக் கட்டியாக ஏறியிருந்தது. சுரண்டியபோது காயிலின் செம்பு உறையில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. திருச்செங்கோட்டிலிருந்து புதுக் காயிலும், எர்த்துக்கும் சேர்த்து மூன்று இழை கேபிளும் வந்தன. முந்நூறு நானூறு அடி துளை போடுகிற என் கணவர், தன் கையாலேயே கடப்பாரை பிடித்து எர்த்துக்காக ஐந்தடிக் குழி வெட்டினார். கரியும் உப்பும் மாற்றிமாற்றிக் கொட்டி, நடுவில் குழாயை நிறுத்தி, ஒயரை முறுக்கி, குழி நிறையத் தண்ணீர் ஊற்றினார். மாமியார் சுவரோரம் நின்று பார்த்தார். "இவ்வளவு வேலையா அதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மாலை அந்தப் பெண்மணியின் வீட்டுக்கு நான் போனேன். அவர் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார்.

"தப்பு எங்க மேலதான். நீ சொன்னது நெசம்" என்றேன்.

"நானும் அதையேதானுங்க சொன்னேன்."

"எல்லாம் சரி பண்ணியாச்சு. காலையில வா. செருப்பப் போட்டுட்டே வா, ஏணி வரைக்கும்."

"பெரியம்மிணி நிக்கறப்பங்களா?" என்று என் மாமியாரைச் சொல்லிச் சிரித்தார். "அது ஆவறதில்லீங்க. வேலைக்கு வாரேன். ஆனா அம்மிணி, மொதல்ல நீங்க தொடுங்க."

அப்படியே செய்தோம். தினமும் விடியலில் நான் டிரெய்லரிலிருந்து வெறுங்காலோடு ஈரமண்ணில் இறங்கி, பின்பக்கம் போய், ஏணியின் கீழ்க்கம்பியைப் பிடிப்பேன். "அடிக்குதுங்களா?" என்பார். "இல்லை" என்பேன். அவர் குடத்தைத் தோளுக்கு ஏற்றுவார். மார்கழியில் மண் ஐஸ்போலச் சில்லிட்டிருக்கும். தொலைவில் சேந்தமங்கலத்துக்கு மேலே கொல்லிமலை பனிக்குள் இருக்கும். உள்ளே குழந்தை தூங்கும். நாங்கள் இருவரும் அந்தச் சில நிமிடங்களில் பேசிய அளவுக்கு அவர் எங்களிடம் வேலைசெய்த மற்ற ஆண்டுகளில் பேசியிருப்போமா என்பது சந்தேகமே.

தை பிறந்தால் ரிக் கிளம்பிவிடும், டிரெய்லரும் போய்விடும் என்ற நாட்களில் ஒரு காலை நான் கண்ணயர்ந்துவிட்டேன். வெயில் ஏறிய பிறகே பதறி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் எப்போதோ நிரப்பியிருப்பார் என்று நினைத்திருந்தேன். ஏணியடியில் ததும்பும் இரண்டு குடங்களோடு அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நேரமா உக்காந்திருக்கறே? ஏறியிருக்கலாமே. ரெண்டு மாசமா ஒண்ணும் பண்ணலையே" என்றேன்.

"ஏறலாமுங்க" என்றார், எழாமலே. "நீங்க வந்து தொட்டுருங்க, ஏறிக்கறேன்."

நான் செருப்பைக் கழற்றினேன்.