பசிலியா வீட்டு மாஷுவா

பசிலியா தன் வீட்டுக் கொல்லையில் வளர்க்கிற மாஷுவாக் கிழங்கைத் தின்ற ஆம்பிளை, ராத்திரியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான் என்று அந்த மலையூர் முழுக்கப் பேச்சு. யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் பக்கத்து வீட்டைக் கைகாட்டினார்கள்.

தொரிபியோ இதைச் சிரித்துத் தள்ளியிருக்கலாம். ஆனால் ஐம்பத்தோரு வயதில், மனைவி இறந்து ஆறு வருஷம் கழித்து, நீவெஸைக் கட்டிக்கொண்டு மூன்று மாதம்தான் ஆகிறது. அவன் உருளைக்கிழங்கு அறுவடைக்கு பசிலியா ஒரு நாள் வந்து தோண்டியிருந்தாள். அங்கே கூலி கிடையாது, ஒரு நாள் வேலைக்குப் பதில் ஒரு நாள் வேலைதான். இப்போது அவன் போய் அவள் கொல்லையைத் தோண்ட வேண்டும். மத்தியானம் அவள் போடுவதைத் தின்னவும் வேண்டும். அவனுக்கோ மாஷுவா என்பது புழு அண்டாமலிருக்க வயலோரத்தில் நடுகிற கொடி, அடுப்படிக்குள் விட்டதில்லை.

முதலில் பசிலியாவின் புருஷன் கசியானோவைத் துருவினான்.

“மாப்ளே, ராத்திரி தூக்கமெல்லாம் எப்படி?”

“படுத்தா கட்டைதான் மச்சான். ஏன் கேக்கறீங்க?”

தொரிபியோ விரல் விட்டு எண்ணினான். கசியானோவுக்கு ஆறு பிள்ளைகள், சரி. ஆனால் கடைக்குட்டிக்கு நாலு வயசாகிவிட்டதே!

அடுத்து, பசிலியாவின் வேலியோரம் ஒரு கிழங்கை உருவிக்கொண்டு வந்து, அடுப்படியில் வளர்கிற கினிப்பன்றிகளில் ஆண் ஒன்றுக்குப் போட்டான். அது ஒரு மூலையில் உட்கார்ந்து மென்றது. பிறகும் உட்கார்ந்தே இருந்தது. இதில் என்ன முடிவுக்கு வருவது?

கடன் நாள் வந்தது. குனிந்து தோண்டத் தோண்ட, மஞ்சளில் ஊதாக் கீற்றோடிய கிழங்குகள். பசிலியா அவற்றைக் கம்பளியில் பரப்பினாள்.

“வெயில்ல எதுக்கு தங்கச்சி?”

“காரம் போயி இனிப்பு ஏறணும்லண்ணே.”

மருந்துக்காரர்களும் வெயிலில்தான் காயவைக்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான். மத்தியானம் கிண்ணம் வந்ததும் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த வறுத்த சோளத்தை மறைவாகக் கொறித்தான். பொழுது சாய்ந்ததும் மண்ணைத் தட்டினான்.

“அப்ப நம்ம கணக்கு நேராயிடுச்சு.”

“எங்க நேராச்சு? எங்க வீட்ல கை நனைக்கலயே நீங்க. இன்னைக்கு சும்மா வந்துட்டுப் போனதா வச்சுக்கறேன். நாள் பாக்கி நிக்குதுண்ணே.”

வீட்டுக்கு வந்து தப்பித்த பெருமையை நீவெஸிடம் அவிழ்த்தான். அவள் சிரித்த சிரிப்பில் அகப்பை சட்டிக்குள் விழுந்தது.

“மூணு வாரமா சூப்புல மஞ்சளா கெடக்குறத வழிச்சு வழிச்சுத் தின்னீங்களே, அது என்னவாம்?”

“பூசணி…”

“பூசணியா! பசிலியாக்கா குடுத்ததுய்யா.”

தொரிபியோ அந்த மூன்று வாரத்தை மனசுக்குள் ராத்திரி ராத்திரியாகப் புரட்டினான். குறையொன்றும் தட்டுப்படவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டவன், பாதியில் நிறுத்தினான்.

“ஊர்ல பேசிக்கறது ஒனக்குத் தெரியுமா?”

“தெரியுமே.”

“தெரிஞ்சுமா போட்ட?”

“ஊத்தவா, வேணாமா?”

கிண்ணத்தை நீட்டினான். குடித்துக்கொண்டே அவள் முகத்தை அடிக்கடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான்.

பசிலியாவின் நாள் இன்னும் நிற்கிறது. போனால் தின்ன வேண்டும். தின்றால், அன்றைக்கு ஏன் தின்னவில்லை என்று சொல்ல வேண்டும். அவன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சுவருக்கு மேலே அவள் தலை தெரிகிறது.

“அண்ணே, சட்டி அடுப்புலதான் இருக்கு!”

“நாளைக்கு, தங்கச்சி.”